சுவரொட்டி: எல்லையோரச் சுவர்களை வைத்து ஓர் அறிமுகம்

கன்னியாகுமரி மாவட்டத்தில், கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளையிலிருந்து மார்த்தாண்டம் நோக்கிச் செல்லும் சாலையில், பூட்டிக் கிடக்கும் கடைகளின் ஷட்டர்களையும் பேருந்து நிறுத்தங்களின் பின்புறத்தையும் பாலங்களின் பக்கச் சுவர்களையும் சற்று நின்று பார்ப்பவருக்கு, மறைந்த ஒருவருக்கான கண்ணீர் அஞ்சலியும், அம்மன் கோயில் கொடை விழா அறிவிப்பும், நற்செய்திக் கூட்டத்துக்கான அழைப்பும், கட்சித் தலைவருக்கான பிறந்தநாள் வாழ்த்தும், வெள்ளிக்கிழமை வெளியாகும் படத்தின் விளம்பரமும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு ஒட்டப்பட்டிருப்பது தெரியும். இவற்றுள் பெரும்பாலானவை சுவரின் உடைமையாளரிடம் கேட்காமல், வாடகை எதுவும் கொடுக்காமல், இரவோடிரவாக ஒட்டப்பட்டவை. அப்படி ஒட்டப்படும் காகிதத்தையே இக்கட்டுரை சுவரொட்டி என்று குறிக்கிறது. உள்ளாட்சி அமைப்பிடம் உரிமம் பெற்று, வாடகை செலுத்தி, இரும்புச் சட்டத்தில் நிறுத்தப்படும் விளம்பரப் பலகை வேறு வகை. அதற்குப் பெரும்பணம் வேண்டும். சுவரொட்டிக்குக் கொஞ்சம் காகிதமும் ஒரு வாளிப் பசையும் ஓர் இரவும் போதும். சுவரொட்டியின் பலமும் அதன்மேல் உள்ள குற்றச்சாட்டும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

சுவரின் வழியாக ஊருக்கு அறிவிக்கும் வழக்கம் காகிதத்துக்கு மிகவும் முந்தையது. சுசீந்திரம் போன்ற கோயில்களின் சுவர்களில் கொடைகளும் தீர்மானங்களும் கல்லில் வெட்டப்பட்டன. பல தமிழ்க் கல்வெட்டுகளின் இறுதியில், இந்தத் தருமத்துக்குக் கேடு செய்தவர் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவார் என்ற பொருளில் ஒரு சாபமும் இருக்கும். ஆனால் கல்லில் எழுதுவது அரசருக்கும் கோயிலுக்கும் ஊர்ச் சபைக்கும் மட்டுமே எட்டிய வசதி. இன்றைக்குச் சொல்லி நாளைக்கு நடக்க வேண்டிய செய்திகளைப் பறையறைந்துதான் சொன்னார்கள். அன்றாடச் செய்தியைச் சுவருக்குக் கொண்டுவந்தது காகிதமே.

ஐரோப்பாவில் அச்சு வந்த சில பத்தாண்டுகளுக்குள்ளேயே சுவரொட்டியும் வந்துவிட்டது. இங்கிலாந்தின் முதல் அச்சகத்தை நடத்திய வில்லியம் காக்ஸ்டன், 1477 வாக்கில், தான் அச்சிட்ட சமயநூல் ஒன்றை மலிவாக விற்பதாகச் சொல்லி ஒரு சிறு அறிவிப்பை அச்சிட்டார். அதன் கடைசி வரி மட்டும் இலத்தீனில் இருந்தது; இந்தச் சீட்டை இருந்த இடத்திலேயே இருக்க விடுங்கள் என்று அது வேண்டிக்கொண்டது. ஒட்டிய காகிதத்தை யாரோ கிழிப்பார்கள் என்ற கவலை இந்தக் கலையின் தொடக்கத்திலேயே அதனுடன் பிறந்திருக்கிறது.

தமிழகத்தின் மிகப் புகழ்பெற்ற சுவரொட்டியிலும் அதே கவலையைக் காணலாம். 1801 ஜூன் 16 அன்று மருது பாண்டியரின் பெயரால் வெளியான ஜம்புத்தீவு பிரகடனம், திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் நவாபின் அரண்மனைக்குச் செல்லும் வாயிற்சுவரிலும், திருவரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. ஆங்கிலேயரை எதிர்த்து எல்லாச் சாதியினரும் ஒன்றுசேர வேண்டும் என்று அழைத்த அந்த அறிக்கை, அதை எல்லோரும் படித்துப் படியெடுத்துக்கொள்ள வேண்டும் என்றும், ஒட்டிய இடத்திலிருந்து அதை எடுப்பவரைப் பஞ்சமா பாதகங்களின் பாவம் சேரும் என்றும் சொல்லி முடிந்தது. காக்ஸ்டன் பணிந்து கேட்டதை மருது பாண்டியர் சாபமாகச் சொன்னார். கல்வெட்டின் காராம்பசுச் சாபம் காகிதத்துக்கு இடம் பெயர்ந்துவிட்டது. அச்சகம் பரவாத நாட்டில், கையால் எழுதி, ஆட்சியாளரின் வாயிற்சுவரிலேயே ஒட்டப்பட்ட அந்தத் தாளைத்தான் சுவரொட்டியின் தமிழ் வரலாற்றுக்கு முதல் ஏடாக வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அச்சு பரவலானது பின்னர்தான். 1835இல், அப்போது இந்தியாவின் தற்காலிகத் தலைமை ஆளுநராக இருந்த சார்லஸ் மெட்காஃப் கொண்டுவந்த சட்டம் அச்சகங்கள்மீது இருந்த முன்னனுமதிக் கட்டுப்பாடுகளை நீக்கியது. தெற்கே, அன்றைய திருவிதாங்கூர் ஆட்சிக்குள் இருந்த நாகர்கோவிலில், லண்டன் மிஷன் சங்கத்தார் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அச்சகம் நடத்தினர். அச்சகத்தைவிடவும் முக்கியமானது, தெருவில் நின்று படிக்கத் தெரிந்தவர்கள் உருவானது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் எழுத்தறிவில் முதலிடம் பெற்றது கன்னியாகுமரி மாவட்டமே. எழுத்தறிவு விகிதம் 91.75 சதவீதம். எல்லைக்கு அப்பால் கேரளத்தின் விகிதம் அதற்கும் மேல். நெருக்கமான எழுத்துகளால் நிறைந்த நீண்ட சுவரொட்டிகளை இந்தப் பகுதியில் அச்சிடத் துணிகிறார்கள் என்றால், படிக்க ஆள் உண்டு என்ற நம்பிக்கைதான் காரணம்.

படமும் வண்ணமும் சுவருக்கு வந்தது கல்லச்சின் வழியாக. ஜெர்மனியில் அலாய்ஸ் செனஃபெல்டர் 1796 வாக்கில் கண்டுபிடித்த அந்த முறையில், எண்ணெய்ப் பசையுள்ள மையும் நீரும் ஒட்டாது என்ற இயல்பைக் கொண்டு, வழவழப்பான கல்லில் வரைந்ததை அப்படியே தாளில் எடுக்கலாம். பாரிஸில் ஜூல் ஷெரே 1860களிலிருந்து அதைக் கொண்டு பெரிய வண்ணச் சுவரொட்டிகளை உருவாக்கினார். இந்தியாவில், திருவிதாங்கூரின் கிளிமானூரில் பிறந்த ராஜா ரவிவர்மா 1894இல் பம்பாய்ப் பகுதியில் கல்லச்சுக்கூடம் தொடங்கிய பிறகு, கடவுளரின் வண்ணப் படங்கள் வீட்டுச் சுவர்களை எட்டின. தெற்கே சிவகாசியில், தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வேண்டிய லேபிள்களை அச்சிடப் பிறந்த லித்தோ என்னும் கல்லச்சுத் தொழில், பிற்காலத்தில் தென்னிந்தியத் திரைப்படங்களுக்கெல்லாம் சுவரொட்டி அச்சிடும் தொழிலாக வளர்ந்தது. கேரளத் திரையரங்குகளின் சுவர்களில் ஒட்டப்பட்ட மலையாளப் படங்களின் சுவரொட்டிகளும் பெருமளவில் அங்கிருந்து வந்தவையே.

உள்ளூர் அச்சகங்களோ எளிய வழியில் சென்றன. பெரிய தலைப்புகளுக்கு மரத்தில் செதுக்கிய எழுத்துகள், சிறிய வரிகளுக்கு ஈய எழுத்துகள், ஒரே மை, இளஞ்சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மலிவான வண்ணத் தாள்கள். கணினியும் ஆஃப்செட்டும் வந்த பின் இவை ஏறக்குறைய மறைந்துவிட்டன.

இனி, ஒட்டும் தொழிலைப் பார்ப்போம். ஊரறிந்த முறை மைதாப் பசை. மைதாவை முதலில் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் நீரில் ஊற்றிக் கைவிடாமல் கிளற வேண்டும். வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும்போது மாவுச்சத்தின் துகள்கள் நீரை உறிஞ்சி வீங்கி உடைவதால், வெள்ளையாக இருந்த கரைசல் கண்ணாடிபோல் தெளிந்து இறுகும், அதுதான் பதம். பசையில் பூஞ்சை பிடிக்காமலும் பூச்சி அரிக்காமலும் இருப்பதற்குச் சிறிது மயில்துத்தம் (தாமிர சல்பேட்) சேர்ப்பது பழைய வழக்கம். காகிதத்தை மாடு தின்னாமல் இருக்கவும் அது உதவும் என்பார்கள். ஆனால் மயில்துத்தம் நஞ்சு என்பதால், வெறுங்கையால் பசை அள்ளுகிறவர்களையும் மேயும் கால்நடைகளையும் எண்ணிப் பார்த்தால் இந்த வழக்கம் கைவிடத்தக்கதே. மைதாவுக்குப் பதிலாக மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) மாவிலும் நல்ல பசை காய்ச்சலாம். விசாகம் திருநாள் மகாராஜா 1880களில் திருவிதாங்கூரில் பரப்பிய அந்தக் கிழங்கு, இங்கே சோற்றுக்கு மட்டும் துணையாக நின்றுவிடவில்லை.

காகிதத்திலும் ஒரு நுட்பம் இருக்கிறது. சுவரொட்டிக்குப் பயன்படும் மெல்லிய தாளின் ஒரு பக்கம் மினுமினுப்பாகவும் மறுபக்கம் சொரசொரப்பாகவும் இருக்கும். மினுமினுப்பான பக்கம் மையைத் தாங்கும்; சொரசொரப்பான பக்கம் பசையை உறிஞ்சிக்கொள்ளும். ஒட்டுபவர் முதலில் சுவரில் பசையைத் தடவி, தாளின் மேல்விளிம்பைப் பதித்து, மடிப்பைக் கீழ்நோக்கி விரித்து, பின்பு தாளின் மேலேயும் பசை தோய்ந்த துடைப்பத்தை நடுவிலிருந்து ஓரங்களை நோக்கி இழுப்பார். ஈரம் பட்டதும் தாள் சற்று விரியும் என்பதால், நடுவிலிருந்து தள்ளாவிட்டால் சுருக்கம் விழும், காற்று தங்கும், காலையில் அந்த இடம் பிளந்துகொள்ளும். பல தாள்களாக வரும் பெரிய படத்தைக் கீழ்வரிசையிலிருந்து ஒட்டத் தொடங்குவார்கள். மேல்தாளின் ஓரம் கீழ்தாளின்மேல் படிந்திருந்தால், வீட்டுக்கூரையின் ஓடுகளைப் போல மழைநீரை வெளியே வழித்துவிடும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்யும் இந்த மாவட்டத்தில், ஜூன் முதல் டிசம்பர் வரை ஒட்டும் தாளுக்கு ஆயுள் குறைவு. ஆகவே கூரை இறங்கிய கடைத்திண்ணைச் சுவருக்கும், மேம்பாலத்தின் அடியில் நிற்கும் தூண்களுக்கும் போட்டி அதிகம்.

இந்தத் தொழிலுக்கு எழுதப்படாத சில நெறிகள் உண்டு. நிகழ்ச்சி முடியாத சுவரொட்டியின்மேல் இன்னொன்றை ஒட்டுவது தவறு. முடிந்த மறுநாளே அந்த இடம் எவருக்கும் பொது. கோயில், தேவாலயம், பள்ளிவாசல் ஆகியவற்றின் முகப்பைத் தொடுவதில்லை. ஒரு திரையரங்குக்கோ ஒரு கட்சிக்கோ பழக்கத்தால் உரியதாகிவிட்ட சுவரைப் பிறர் பொதுவாக விட்டுவிடுவார்கள். எதிர்த்தரப்பின் தாளை வேண்டுமென்றே மூடுவதும், தலைவர் முகத்தில் சாணி அடிப்பதும் சண்டைக்கு அழைப்பதாகவே கொள்ளப்படும். தேர்தல் காலத்துக் கைகலப்புகள் பலவற்றின் தொடக்கம் கிழிக்கப்பட்ட ஒரு தாள்தான். இவை எல்லாக் காலத்திலும் மதிக்கப்படுகின்றன என்று சொல்ல முடியாது. ஆனால் மீறியவரை மீறியவர் என்று ஊர் அடையாளம் காண்கிறது என்பதே, நெறி இருக்கிறது என்பதற்குச் சான்று.

மரண அறிவிப்புக்கு இந்த நெறிகளில் முதலிடம். அடக்கம் முடியும்வரை அதை மூட யாரும் துணியமாட்டார்கள். இந்தப் பகுதியின் சுவரொட்டிகளில் மிகவும் மதிக்கத்தக்கது இதுவே என்பதால், இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். விடியற்காலையில் ஒருவர் இறந்தால், உறவினர் ஒருவர் கைப்பேசியில் இருக்கும் குடும்பப் படத்திலிருந்து முகத்தை மட்டும் வெட்டியெடுத்து, மார்த்தாண்டத்திலோ குழித்துறையிலோ உள்ள டிடிபி கடைக்கு அனுப்புவார். முற்பகலுக்குள் தாள்கள் கையில் இருக்கும். பெயர், வயது, வீட்டுப் பெயர், தொழில், அடக்கம் நடக்கும் நேரம், இடம் ஆகியவையே செய்தி. கிறிஸ்தவக் குடும்பமானால் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்றும், இந்துக் குடும்பமானால் இறைவனடி சேர்ந்தார் என்றும் முதல் வரி மாறும். எல்லைக்கு அப்பால் கேரளத்தின் பாறசாலைப் பக்கம் போனால், அஞ்சலி என்ற பொருளில் ஆதராஞ்சலிகள் என்று மலையாள எழுத்தில் தலைப்பு இருக்கும். அடியந்திரம் எனப்படும் இறப்புக்குப் பிந்தைய சடங்கு நாளைக் குறித்து மீண்டும் ஒரு தாள் வருவதும் உண்டு. நாளிதழில் இரங்கல் விளம்பரம் கொடுக்க வசதியில்லாத குடும்பத்துக்கும், ஒரு ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளியின் முகத்தை, அவர் நாள்தோறும் பேருந்து ஏறிய நிறுத்தத்திலேயே ஊர் கடைசியாக ஒருமுறை பார்க்கும்படி வைக்க இந்த ஒரே தாள் உதவுகிறது. பேருந்தில் போகிறவர் சன்னல் வழியே தெரிந்த முகத்தைக் கண்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் துக்க வீட்டுக்கு நடப்பதும், அந்தப் படத்தைக் கைப்பேசியில் எடுத்து வளைகுடாவில் இருக்கும் நண்பருக்கு அனுப்புவதும் இங்கே இயல்பாக நடப்பவை. சுவரொட்டியை வெறும் குப்பை என்று எழுதுபவர்கள் இந்தத் தாளைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எல்லை என்பது வரைபடத்தில் உள்ள கோடு மட்டும் இல்லை என்பதற்கு இந்தச் சுவர்களைவிடத் தெளிவான பாடம் கிடைக்காது. 1956 நவம்பர் 1 அன்று அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்துடன் இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. அதுவரை ஒரே ஆட்சியின்கீழ் இருந்த களியக்காவிளையும் பாறசாலையும் இரு மாநிலங்களாயின. இன்று பாறசாலைப் பக்கத்தில் அடிக்கொரு கடையில் கேரள அரசு லாட்டரியின் பம்பர் பரிசுச் சுவரொட்டிகள் தொங்கும்; களியக்காவிளைக்குள் நுழைந்தால் ஒன்றுகூட இராது. 1967இல் கேரளம் லாட்டரிக்கெனத் தனித் துறையே தொடங்கியது. தமிழ்நாடு 2003இல் லாட்டரி விற்பனையைத் தடை செய்தது. சட்டம் மாறும் இடத்தை ஒரு நடையிலேயே சுவர் காட்டிவிடுகிறது.

தேர்தல் காலத்தில் இது இன்னும் வியப்பானது. 2011, 2016, 2021 ஆகிய மூன்று சட்டமன்றத் தேர்தல்களிலும் இரு மாநிலங்களும் ஒரே நாளில் வாக்களித்தன. 2021இல் தமிழ்நாட்டில் காங்கிரசும் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியும் ஒரே கூட்டணி. கேரளத்தில் அவை நேருக்கு நேர் எதிரணிகள். ஆகவே களியக்காவிளைப் பக்கத்துச் சுவரில் தோழமையுடன் நின்ற கையும் அரிவாள் சுத்தியல் நட்சத்திரமும், சிறிது தொலைவில் பாறசாலைச் சுவரில் ஒன்றையொன்று தோற்கடிக்க வாக்குக் கேட்டன. இரு ஊர்ச் சந்தைக்கும் நாள்தோறும் போய்வருபவர்கள் இரண்டையும் படித்தார்கள், குழம்பவும் இல்லை. கேரளப் பக்கத்தில் அச்சிட்ட தாளைவிடச் சுவரெழுத்துக்கு மதிப்பு அதிகம் என்பதும் கவனிக்கத்தக்கது. தேர்தல் அறிவிப்பு வருவதற்கு முன்பே தொண்டர்கள் மதிலுக்குச் சுண்ணாம்பு அடித்து, கட்சியின் பெயரையும் ஆண்டையும் எழுதி இடம் பிடித்துவிடுவார்கள்.

சட்டத்தின் நிலையைச் சுருக்கமாகச் சொல்லலாம். பொது இடங்களின் தோற்றத்தைக் கெடுக்கும் விளம்பரங்களைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1959ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. தனியார் சுவரானாலும் உடைமையாளரின் இசைவின்றி ஒட்டக் கூடாது. தேர்தல் சுவரொட்டிகளுக்கு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு பொருந்தும்: அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவரின் பெயரும் முகவரியும் தாளில் இருக்க வேண்டும், மீறினால் ஆறு மாதம்வரை சிறையும் 2,000 ரூபாய்வரை அபராதமும் விதிக்கலாம். தாளின் அடியில் பொடி எழுத்தில் ஓர் அச்சகத்தின் பெயர் இருப்பதைப் பார்த்தவர்கள் அதன் காரணத்தை இப்போது அறிவார்கள். பிரான்சில் இன்றும் பழைய சுவர்களில், 1881 ஜூலை 29ஆம் நாள் சட்டப்படி ஒட்டுதல் தடை என்ற எழுத்துகளைக் காணலாம். அதே சட்டம்தான் பத்திரிகைச் சுதந்திரத்தையும் வழங்கியது. அரசு அறிவிப்புகளைத் தவிர வேறெதையும் வெள்ளைத் தாளில் அச்சிட்டு ஒட்டக் கூடாது என்றும் அது விதித்தது. சீனாவில் 1975, 1978 ஆகிய ஆண்டுகளின் அரசியலமைப்புகள் பெரிய எழுத்துச் சுவரொட்டி எழுதுவதைக் குடிமக்களின் உரிமையாக அறிவித்தன. 1978இன் இறுதியில் பெய்ஜிங்கின் சீதான் பகுதிச் சுவரில் மக்கள் அரசை நேரடியாக விமர்சித்து ஒட்டத் தொடங்கினார்கள். 1980இல் அந்த உரிமை அரசியலமைப்பிலிருந்தே நீக்கப்பட்டது. காகிதத்துக்கு இவ்வளவு அஞ்சியிருக்கிறார்கள்.

சுவரின் உடைமையாளருக்கும் நியாயம் உண்டு. கடன் வாங்கிக் கட்டிய வீட்டின் மதிலுக்கு வெள்ளையடித்த மறுநாள் காலையில், பசை வழியும் பத்துத் தாள்களைப் பார்ப்பவரின் வேதனையை எந்தக் கருத்துச் சுதந்திரமும் ஈடுசெய்யாது. வழிகாட்டிப் பலகையின்மேலும் பேருந்து நேரப் பட்டியலின்மேலும் ஒட்டுவது பொதுமக்களுக்குச் செய்யும் நேரடித் தீங்கு. ஆனால் முழுத் தடை பணம் இல்லாதவரை மட்டுமே தடுக்கிறது. வசதி படைத்தவர் ஃபிளெக்ஸுக்கும் விளம்பரப் பலகைக்கும் மாறிக்கொள்கிறார். மாவுப்பசைக் காகிதம் ஒரு மழையில் கரைந்து மண்ணோடு போகும். பிவிசி ஃபிளெக்ஸ் போகாது என்பதால்தான் கேரள அரசு 2019இல் அதற்குத் தடை விதித்தது. சந்தை, பேருந்து நிலையம், மருத்துவமனை முன்புறம் ஆகிய இடங்களில் ஊராட்சியே ஓர் அறிவிப்புச் சுவர் கட்டி, மரண அறிவிப்புக்கும் ஊர்விழாவுக்கும் கட்டணமின்றி விட்டுக்கொடுத்தால், பிற சுவர்களில் ஒட்டாதீர் என்று சொல்லும் தகுதி அதற்குக் கிடைக்கும்.

கிழிந்த சுவரொட்டிகளையே கலைப்பொருளாகக் கண்டவர்களும் உண்டு. பாரிஸில் 1949 முதல் ரேமோன் ஏன், ஜாக் வில்லெக்லே ஆகியோர் அடுக்கடுக்காக ஒட்டிக் கிழிந்த தாள்களைச் சுவரிலிருந்து உரித்து, அப்படியே ஓவியமாகக் காட்சிக்கு வைத்தனர். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், பழைய நாடக, திரைப்பட நோட்டீஸ்களை நூல்களுக்கு இணையாகப் பாதுகாத்து வருகிறது. எல்லையோர ஊர்களின் தாள்கள் அப்படிச் சேர்க்கப்பட வேண்டியவை. கொடை விழாவில் பாட்டோடு கதை சொல்லும் கதாபிரசங்கம் எப்போது நின்று இன்னிசைக் கச்சேரி எப்போது வந்தது என்பதை வேறு எந்த ஆவணமும் சொல்லாது. சேர்க்க விரும்பும் புதியவர் சுவரிலிருந்து உரிக்க முயல வேண்டாம்; வெந்நீரில் நனைத்தாலும் மெல்லிய தாள் பிய்ந்துவிடும். அச்சகத்தில் மீந்த தாளைக் கேட்டுப் பெறலாம், அல்லது சுவரில் இருக்கும்போதே நேராக நின்று படம் எடுக்கலாம். எந்த வழியானாலும் ஆண்டையும் ஊரையும் உடனே குறித்துவைக்க வேண்டும், ஏனெனில் மறுநாள் படிக்கப்படுவதற்காக அச்சிடப்படும் இந்தத் தாள்களில் நாளும் கிழமையும் நேரமும் தவறாமல் இருக்கும், ஆண்டு பெரும்பாலும் இருக்காது.